வண்டி கவிழ்ந்தால் வாடகைப் பாக்கியும் கவிழுமா? செட்டிநாட்டு ஒப்பந்த ஓட்டுநர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

“தம்பி, வண்டி நொறுங்கி ஷெட்டுல கெடக்கு. இப்பப் போயி பாக்கியக் கேக்குறியே, நல்லாவா இருக்கு?”

காரைக்குடியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்த வாக்கியத்தைப் பல விதமாகக் கேட்டாயிற்று. ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றும் குட்டியானை, பார்சல் வேன், கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்களை மதுரை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரும் கார் என்று வண்டிதான் மாறும். மாதச் சம்பளம் கிடையாது, டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசி ஓட்டுகிறவர். ஒருநாள் விபத்து. அதோடு வேலை நிற்கிறது, அதுவரை ஓட்டிய டிரிப்புகளின் பணமும் நிற்கிறது. கேட்டால் மேலே உள்ள பதில். ஓட்டுநரும் குற்ற உணர்ச்சியில் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிடுவார்.

இந்த ஊரில் பேரேடு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், ஒரு ஆசாமியின் பக்கத்தில் பற்று, அதாவது அவர் தர வேண்டிய தொகை, எழுத வேண்டுமென்றால் அதற்கு வவுச்சர் வேண்டும். கோபத்தைப் பற்றில் எழுத முடியாது. ஓட்டி முடித்த டிரிப்பின் கூலி ஒரு கணக்கு, வண்டிச் சேதம் இன்னொரு கணக்கு. முதலாவது ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது, யார் தவறு, எவ்வளவு என்று தீரும்வரை வெறும் கோரிக்கை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்க விடாமல் காப்பதற்குத்தான்.

முதல் படி: விபத்து நடந்த அன்றைக்கு

அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது முதல் கடமை. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் ஏற்கிறது. 2021 டிசம்பரிலிருந்து நடக்கும் திட்டம். ஆனாலும் பணம் கட்டச் சொல்வார்கள் என்று பயந்து நிற்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

ஒருவருக்குக் காயமோ, பிறர் சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டியது ஓட்டுநரின் கடமை என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அது உங்களுக்கும் நல்லது. வழக்குப் பதியாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸுக்கு உதவும். “ஓடிப் போய்விட்டான்” என்ற பேச்சுக்கும் அதுவே பதில்.

அடுத்தது படங்கள். நசுங்கிய பம்பரை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் எடுக்க வேண்டியது வேறு: டயரின் தேய்மானம், பிரேக் தடம், சாலையின் பள்ளம், எரியாத தெருவிளக்கு, ஏற்றியிருந்த சரக்கின் அளவு, ஓடோமீட்டர். தை மாதம் பழனி பாதயாத்திரைக் கூட்டம் குன்றக்குடிச் சாலையில் இரவிலும் நடக்கும். காவடியோடு வருகிறவருக்காக வண்டியை ஒடித்துத் திருப்பி மரத்தில் மோதினால் அது கவனக்குறைவா, கவனமா? அங்கே ஆட்கள் நடந்தார்கள் என்பதைக் காட்டும் ஒரே ஒரு படம் இருந்தால் பதில் மாறிவிடும்.

அன்றைக்குச் செய்யக் கூடாதது ஒன்று. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். “இன்சூரன்ஸுக்காகத்தான்” என்று சொல்லி நீட்டும் தாளில் “என் தவறால் நடந்தது, முழுச் செலவையும் ஏற்கிறேன்” என்று பிறகு வரி முளைத்துவிடும். இன்சூரன்ஸ் படிவம்தான் என்றால் படித்துப் பார்த்து, நடந்ததை மட்டும் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் உண்மையில் யார்?

“நீ ஸ்டாஃப் இல்லப்பா, கான்ட்ராக்ட்டு” என்று முதலாளி சொல்வதால் மட்டும் நீங்கள் ஒப்பந்தக்காரர் ஆகிவிட மாட்டீர்கள். நீதிமன்றங்கள் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம், வண்டி யாருடையது, நட்டம் வந்தால் யாருக்கு, வேறு ஆளை அனுப்ப முடியுமா, வேறு இடத்தில் வேலை பார்க்கலாமா என்றெல்லாம் பார்க்கின்றன. துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையல்காரர்களைக்கூட 1973இல் ஒரு வழக்கில் தொழிலாளிகள் என்றே உச்ச நீதிமன்றம் ஏற்றது.

முதலாளி வண்டி, அவர் போடும் டீசல், அவர் சொல்லும் நேரம், மாதம் முழுக்க அவருக்கே ஓட்டம் என்றால் தொழிலாளி என்று வாதிட வலுவான இடம் உண்டு. சொந்த வண்டி வைத்து, மூன்று கடைகளுக்கு மாறி மாறி லோடு அடித்து, பில் போட்டு வாங்குகிறவர் ஒப்பந்தக்காரர். நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்கள் இரண்டு வாதத்தையும் கையில் வைத்திருக்கட்டும்.

இது ஏன் முக்கியம்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு நீக்கினாலும் நீங்களே விலகினாலும் ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். ஒப்படைத்த பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்காகப் பிடித்தம் செய்ய வேண்டுமானால், அது நேரடியாக உங்கள் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும். உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். பிடிப்பது நட்டத்தின் அளவைத் தாண்டக் கூடாது. ஒரு ஊதியக் காலத்தின் மொத்தப் பிடித்தங்கள் பாதிக்கு மேல் போகக் கூடாது. பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. கோரிக்கை வைக்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

ஒப்பந்தக்காரருக்கு இந்தக் கேடயம் கிடையாது. அவருக்கு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் துணை. பழைய சட்டமாக இருந்தாலும் பல் விழாத சட்டம். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவருக்கு வேலை செய்து, அதன் பலனை அவர் அனுபவித்திருந்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது அதன் 70ஆம் பிரிவு. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் ஓட்டியவருக்கும் இது கைகொடுக்கும்.

மூன்றாம் படி: வரவுக் கணக்கை உறையவையுங்கள்

விபத்துக்கு முந்தைய டிரிப்புகளைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, எங்கிருந்து எங்கே, என்ன லோடு, பேசிய வாடகை, பேட்டா, வாங்கிய அட்வான்ஸ். ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதிதான் வரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் சாட்சி தேடுங்கள்: டிரிப் ஷீட், டோல்கேட்டில் ஃபாஸ்டேக் பிடித்த குறுஞ்செய்தி, பங்க் ரசீது, சரக்கோடு போன இ-வே பில்லில் உள்ள வண்டி எண், சரக்கை இறக்கியவர் போட்ட கையெழுத்து, ஜிபே வரவு. “நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு லோடு இருக்கு” என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், அந்த டிரிப்பை இல்லை என்று சொல்ல முடியாது. செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். அசல் போன் கையில் இருப்பது நல்லது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. உங்கள் பான் எண்ணுக்கு நிறுவனம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் வருமான வரித்துறை தளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் அது தெரியும். ‘பணமே தர வேண்டியதில்லை’ என்று வாயால் சொல்கிறவர் அந்தத் தொகைக்கே வரி பிடித்துக் கட்டியிருந்தால், கடனை அவரே அரசாங்கத்திடம் ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

விபத்து நடந்த டிரிப்பின் வாடகை தனி விஷயம். சரக்கு போய்ச் சேரவில்லை என்றால் முழு வாடகை கேட்பது கடினம். அதை மற்ற பாக்கியோடு சேர்த்துக் கேட்டால் உங்கள் நல்ல கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தனி வரியில் எழுதுங்கள். தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்க ஒரு சீட்டாகவும் அது இருக்கட்டும்.

நான்காம் படி: பற்றுக் கணக்கைக் கேளுங்கள்

இங்கேதான் பெரும்பாலான பஞ்சாயத்தும் முடிவாகிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு மாதிரிக் கணக்கு. 26 டிரிப், டிரிப்புக்கு 900 ரூபாய்: 23,400. பேட்டா நாளுக்கு 300 வீதம் 7,800. மொத்தம் 31,200. வாங்கிய அட்வான்ஸ் 6,000. பாக்கி 25,200. முதலாளி சொல்கிறார்: “டிங்கரிங், பெயிண்ட், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 38,500. உன் பாக்கி போக நீதான் எனக்கு 13,300 தரணும்.”

நீங்கள் கேட்க வேண்டியது மூன்று தாள்கள்: ஒர்க்‌ஷாப் பில், இன்சூரன்ஸ் சர்வேயரின் மதிப்பீடு, கிளெய்ம் பணம் வந்ததற்கான கடிதம். வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருந்து 29,000 வந்திருந்தால், முதலாளியின் உண்மையான நட்டம் 9,500தான். வந்த பணத்துக்கும் சேர்த்து உங்களிடம் பிடித்தால் ஒரே சேதத்துக்கு இரண்டு முறை வசூல். இதைச் சொன்னதும் பல இடங்களில் குரல் இறங்கிவிடும். “கிளெய்மே போடலைப்பா, நோ கிளெய்ம் போனஸ் போயிரும்” என்பார்கள். கிளெய்ம் போடாதவருக்கு அடுத்த பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது. அதைக் காப்பது அவருடைய வியாபார முடிவு, உங்கள் தலையில் ஏற்ற வேண்டிய செலவில்லை என்று வாதிடலாம். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கு எதுவும் வராது. அப்போது முழுத் தொகையும் பேச்சுக்கு வரும்.

எதிரே வந்த வண்டி தவறு செய்திருந்தால்? அந்த வண்டியிடமும் அதன் இன்சூரன்ஸிடமும் கேட்க வேண்டிய பணத்தை உங்கள் பக்கத்தில் எழுதக் கூடாது.

அடுத்த கேள்வி தவறு யாருடையது. ஒருவரிடம் ஒரு பொருளை ஒப்படைத்தால், தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் எப்படிக் காப்பாரோ அந்த அளவு கவனம் அவர் காட்ட வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. அந்தக் கவனம் காட்டியிருந்தால், வேறு தனி உடன்பாடு இல்லாதவரை, சேதத்துக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது 152. வழுக்கை டயரோடு வண்டியைக் கொடுத்து, திருமயம் வளைவில் சறுக்கியதற்கு ஓட்டுநரைக் குற்றம் சொல்வது எந்த விவேகம்? முன்பே “அண்ணே, டயர் போச்சு, மாத்துங்க” என்று செய்தி அனுப்பியிருந்தால் அந்தச் செய்தி பொன்.

காவல்துறை உங்கள் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். குற்றச்சாட்டின் தொடக்கம்தான், தீர்ப்பில்லை.

இப்போது அந்தத் ‘தனி உடன்பாடு’. சில நிறுவனங்கள் “எந்தச் சேதமானாலும் ஓட்டுநரே முழுப் பொறுப்பு, பாக்கியில் பிடித்துக்கொள்ளலாம்” என்று முன்பே கையெழுத்து வாங்கியிருக்கும். அது உங்களுக்குப் பாதகம்தான், மறைப்பதற்கில்லை. ஆனாலும் தொகையைக் குறிப்பிட்டு அபராதம் எழுதியிருந்தால், 74ஆம் பிரிவின்படி நியாயமான ஈடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதிகபட்ச எல்லை மட்டுமே.

அப்படி எழுத்து எதுவும் இல்லாதபோது உங்கள் முக்கிய ஆயுதம் இது: தொகை முடிவாகாத நட்ட ஈட்டுக் கோரிக்கை, நீதிமன்றம் தீர்மானிக்கும்வரை கடனாகாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடனுக்கு எதிராகக் கடனைத்தான் நேர்செய்யலாம், குமுறலை நேர்செய்ய முடியாது. இரண்டும் ஒரே வேலையிலிருந்து எழுந்தவை என்றால் நீதிமன்றம் தன் விருப்பப்படி சேர்த்துப் பார்க்க இடமுண்டு. அதற்காகத்தான் டயர் படமும் பிரேக் தடமும்.

மாதிரிக் கணக்குக்குத் திரும்பினால், தவறு முழுக்க உங்களுடையது என்றே வைத்துக்கொண்டாலும் சண்டை 9,500க்குத்தான். மீதி 15,700ஐ நிறுத்திவைக்க ஒரு காரணமும் இல்லை. முதல் பேச்சிலேயே அதைப் பிரித்துக் கேளுங்கள். “தகராறு இல்லாததை இன்னைக்குக் குடுங்க, தகராறு உள்ளதைப் பேசிக்குவோம்ணே” என்று சொல்கிறவரை விரட்டுவது யாருக்கும் கஷ்டம்.

ஐந்தாம் படி: கடிதம்

நேரில் பேசிப் பத்து நாள் பாருங்கள். அதற்கு மேல் இழுத்தால் எழுதிவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் அடுத்தபடியாக இருக்கட்டும். முதல் கடிதம் நீங்களே எழுதலாம்:

“ஐயா, தங்கள் வாகனத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நான் ஓட்டிய 26 டிரிப்புகளுக்கு வாடகையும் பேட்டாவுமாக ரூ. 31,200. பெற்ற முன்பணம் ரூ. 6,000. நிலுவை ரூ. 25,200. டிரிப் விவரம் இத்துடன் உள்ளது. இன்ன தேதி நடந்த விபத்து குறித்த தங்கள் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. அது தொடர்பான பில், சர்வேயர் மதிப்பீடு, இன்சூரன்ஸ் தொகை விவரம் ஆகியவற்றின் நகல் தந்தால் தனியே பதில் தருகிறேன். நிலுவைத் தொகையை இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் இன்றைய தேதி முதல் வட்டியும் கோருவேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பணம் தர நாள் குறிக்காத கடன்களுக்கு, வட்டி கோரப்படும் என்று எழுத்தில் சொன்ன அறிவிப்பைப் பொறுத்துத்தான் 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டத்தின்படி வட்டி கிடைக்கும். வட்டி இந்த ஊருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. பட்டுவாடா செய்ததற்கான சான்று கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அதே கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். “பாப்போம், அடுத்த மாசம் தரேன்” என்று அவர் எழுதினாலே போதும். கடனை ஒப்புக்கொண்ட எழுத்து, கெடு முடிவதற்குள் வந்திருந்தால் வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

பணம் வரும்வரை சாவியைத் தர மாட்டேன், வண்டியைக் கட்டிப்போடுவேன் என்ற யோசனை வந்தால் உடனே விட்டுவிடுங்கள். நம்பிக்கை மோசடி என்று புகார் போனால் நியாயம் கேட்கப் போனவர் ஜாமீன் கேட்டு நிற்பார். அதேபோல் உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் அசலை அவர் வைத்துக்கொண்டால் அதையும் கடிதத்திலேயே திருப்பிக் கேளுங்கள்.

ஆறாம் படி: தட்ட வேண்டிய கதவுகள்

தொழிலாளி என்று வாதிட முடிந்தால் சிவகங்கையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. செலவில்லாத வழி.

சொந்த வண்டியோடு தொழில் நடத்துகிறவர், வேலை எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) செய்திருந்தால், 2006ஆம் ஆண்டு சிறு குறு நிறுவனங்கள் சட்டம் பெரிய பலம். எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. இணையம் வழியாக மனு போடலாம். எதிர்த்தரப்பு அந்த மனுவில் வரும் தீர்ப்பை நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. பதிவு இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறவர் இந்தப் பத்தியைப் படித்ததும் அதை முடித்துவிடலாம். விபத்துக்குப் பிறகு செய்த பதிவு பழைய பில்லுக்குக் கைகொடுப்பது கடினம்.

மற்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது சட்டப் பணிகள் ஆணைக் குழு. 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே மனுவை எடுத்து இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே கையெழுத்தாகும் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது. ஊரறிந்த முதலாளிகள் கோர்ட் வாசலில் நிற்பதைவிட இந்த மேசையில் உட்காரவே விரும்புவார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர் பஞ்சாயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன், முடிவைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவதாக இருந்தால்.

கடைசிக் கதவு உரிமையியல் நீதிமன்றம். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். 2017 திருத்தத்துக்குப் பிறகு தமிழகத்தில் பணம் கேட்கும் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 25,200க்கு 756 ரூபாய். செலவு கட்டணத்தில் இல்லை, நடையில்தான்.

உடம்பில் அடிபட்டிருந்தால்

இது மூன்றாவது பேரேடு. பாக்கித் தொகையோடு சேர்த்துப் பேசவே பேசாதீர்கள். “ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பத்தாயிரம் தரேன், எல்லாக் கணக்கும் முடிஞ்சுதுன்னு எழுதிக் குடு” என்பது மிகப் பழைய உத்தி.

தொழிலாளி என்றால் பணியின்போது ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்கலாம். எதிர்வண்டி தவறு என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். இரண்டும் பொருந்தினால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தீர்ப்பாயத்துக்குப் போக சட்டம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம்.

ஒப்பந்தக்காரர் என்ற பட்டம் சில நேரம் லாபமும் தரும். குஜராத்தில் ஒரு கண் மருத்துவமனையின் மினி பஸ்ஸில் போன மருத்துவர் விபத்தில் இறந்தார். ஊழியர்களுக்காகத் தான் தர வேண்டிய இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வாதிட்டது. அவர் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தத்தில் சேவை செய்தவர், அதனால் அந்த வரம்பு அவருக்குப் பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அவசரப்பட்டு “நான் ஸ்டாஃப்தான்” என்றோ “ஸ்டாஃப் இல்லை” என்றோ எங்கும் எழுதிக்கொடுக்காதீர்கள். முதலில் வக்கீலிடம் காட்டுங்கள்.

பணம் கைக்கு வரும் நாள்

குறைத்துத் தந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். வவுச்சரில் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள்: “பாக்கி ரூ. 25,200இல் ரூ. 15,700 மட்டும் பெற்றேன். மீதியைக் கோரும் உரிமையுடன்.” அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் ரொக்கம் வேண்டாம், வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, வந்ததும் அதே வாசகத்தைச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

சேரும்போது வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதன் எண்ணைக் குறிப்பிட்டு அன்றே திரும்பக் கேளுங்கள். “எங்கேயோ இருக்குப்பா, தேடித் தரேன்” என்றால், இந்த எண்ணுள்ள காசோலை எந்தக் கடனுக்காகவும் தரப்பட்டதில்லை, தேடித் தருவதாகச் சொன்னீர்கள் என்று அன்று இரவே ஒரு செய்தி போட்டுவையுங்கள்.